ஊர்க்குருவியின் சம்மதம்

நிறுவனத்தின் புதிய மென்பொருள் மறுநாள் வெளியாகவேண்டும். பயன்பாட்டு நிபந்தனைகளில் ஏழாம் பிரிவை நீக்காமல் அதை வெளியிடக் கூடாதென்று மூத்த நிரலாளரான அம்மையார் காலையிலிருந்து நான்காம் முறையாகக் கூறினார்.

"நகலெடுக்கக் கூடாது, மாத்தக் கூடாதுன்னு எல்லாக் கம்பெனியும்தானே போடுது?" என்றார் மேலாளர்.

"வேற கம்பெனியோடதை வக்கீல் அப்படியே நகலெடுத்திருக்கார், சார். அவங்க பேர்கூட ரெண்டு இடத்துல இருக்கு."

பக்கத்தில் அமர்ந்திருந்த நிறுவன வக்கீல் இருமினார்.

"நம்ம மென்பொருளுக்கு முதுகெலும்பே ஒரு திறந்த மூல நிரல். யாரும் நகலெடுக்கலாம், மாத்தலாம். நம்மகிட்ட வாங்கறவங்களுக்கும் அந்த உரிமையைக் குடுக்கணும்னு அதோட உரிமம் சொல்லுது. உள்ள நுழைஞ்சதும் நாம கதவைச் சாத்த முடியாது."

"ஓசியில குடுத்துட்டு இத்தனை நிபந்தனையா? யாரு அந்த மகராசன்?"

வக்கீல் உரிமக் கோப்பைப் பார்த்தார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. 'ஊர்க்குருவி'ன்னு புனைபெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி. அவர் சம்மதிச்சா நமக்கு மட்டும் விலக்கு கிடைக்கும்."

"ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகாது. நானே எழுதறேன். சம்மதம் வந்துட்டா, நீங்க வேற வேலை தேடிக்கலாம்மா."

மேலாளர் மடலைத் தட்டச்சு செய்து அனுப்பினார்.

மேசைமீதிருந்த அம்மையாரின் கைபேசி அதிர்ந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மடலை இறுதிவரை படித்தார்.

"ரெண்டு எழுத்துப்பிழை இருக்கு, சார். பதிலைத்தான் காலையிலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேனே."