வீரமலைக்கு ஒரு பஸ்

மஸாஹிராவும் நண்பர்களும் மடவளையில் ஒரு பொய் ஆவணப்படம் எடுத்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் உலகச் சாம்பியனான வீரமலையைப் பற்றிய நகைச்சுவைப் படம். வீரமலை அவளுடைய கற்பனை. கடைசிக் காட்சியில் அவர் இறந்துபோவதாக எழுதியிருந்தாள். அதை இன்னும் யாருக்கும் காட்டவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, அவர சாகடிச்சிறாதீங்க. வீட்ல நானும் அவரும் மட்டுந்தான்."

கெமராவோடு நின்ற பஹீம் விழுந்து விழுந்து சிரித்தான். மஸாஹிராவுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, வீரமலைக்குப் பஸ் கிடைத்துவிடுவதாக மாற்றி எழுதி வாசித்துக் காட்டினாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஏங்க, ஒங்களுக்குப் பஸ் வந்திருமாம்."

போனில் ஒரு ஆண் குரல் சந்தோஷமாகக் கேட்டது: "எத்தனையாம் நம்பர்னு தங்கச்சிகிட்டயே கேளு."