நாற்பது அடி

பதுளையிலிருந்து வந்த பெண்வீட்டாரும் தயாபரன் வீட்டாரும் கண்டி வாவிக்கரை வாங்கில் உட்கார்ந்து பேச, பெண்ணும் மாப்பிள்ளையும் சற்று நடந்துவிட்டு வரப் புறப்பட்டார்கள்.

கண்டியைக் கரைத்துக் குடித்தவன் என்று காட்டிவிடத் தயாபரன் துடித்தான்.

"இந்த மதில மேகம் மாதிரி கட்டியிருக்காங்க, பாத்தீங்களா?"

"அழகா இருக்குங்க" என்றாள் லோஜினி.

"இங்கயிருந்து நாப்பது அடி நடந்தா ராணிமார் குளிச்ச மண்டபம்."

நாற்பது அடி நடந்தார்கள். நூறும் தாண்டியது. மண்டபத்தைக் காணோம். தயாபரனுக்கு வியர்த்தது.

"மன்னிச்சிருங்க. நான் இங்க பக்கத்துல பல்லேகலைக்கு வேலைக்கு வந்தே ஒரு வாரந்தான் ஆகுது. உங்ககிட்ட கெட்டிக்காரனாத் தெரியணும்னு, வாவியச் சுத்திப் பாக்குறவங்களுக்குக் குடுக்குற வழிகாட்டித் தாள அப்பிடியே மனப்பாடம் செஞ்சிட்டு வந்தேன்."

லோஜினி வாய்விட்டுச் சிரித்தாள்.

"உங்க மேல தப்பில்ல. நானூறுன்னுதான் எழுதிக் குடுத்தேன். அச்சுல ஒரு சைபர் விட்டுப்போச்சு."

"நீங்களா எழுதினீங்க?"

"இங்க படிக்கிறப்ப எழுதினது. அதை ஒரு எழுத்து விடாம படிச்ச மொத ஆள் நீங்கதான். வாங்க, தாள்ல எழுதாம எனக்குன்னு வச்சுக்கிட்ட எடம் ஒன்னு இருக்கு. உங்களுக்குக் காட்டுறேன்."