பொய் சொல்லும் முள்
ஏலப்பாறைத் தோட்டத்து லாரி பனிமூட்டத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் பெரியமுத்து இப்போதுதான் கம்பி மாட்டிய ஆம்பியர் மீட்டரில் முள் இடப்பக்கம் சாய்கிறது. "பேட்டரிக்குச் சார்ஜ் ஏறலையேண்ணே! வெளக்கு இல்லாம எப்பிடி மலை எறங்க?" என்று டிரைவர் செல்லத்துரை தலையைச் சொறிகிறான். தாய்வீட்டோடு போய்விடுவதென்று தகரப்பெட்டியுடன் பின்னால் ஏறியிருக்கும் சுருளியம்மாள் கேபினின் பின் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறாள். இரண்டு கம்பியையும் இடம் மாற்றி மாட்டினால் முள் பொய் சொல்லும் என்று ஒருநாள் சிரித்துச் சிரித்து அவளிடம் சொன்னதே புருஷன் பெரியமுத்துதான். "போகாதன்னு சொல்ல வாய் வரல. கம்பிய மாத்தி மாட்ட மட்டும் கை வருதாக்கும்," என்கிறாள். அவன் நிமிரவில்லை. மரையைக் கழற்றி, கம்பிகளைச் சரியாகவே மாட்டுகிறான். முள் வலப்பக்கம் ஏறுகிறது. செல்லத்துரை ஹாரன் அடித்து வண்டியை எடுக்கிறான். சுருளியம்மாள் வளைவு வரைக்கும் புருஷனையே எட்டிப் பார்த்தபடியே போகிறாள்.