டெப்ரிகேட்

அகராதி அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவில் அவள் ஒருத்திதான் மிச்சம். எல்லோரும் கைப்பேசியிலேயே அர்த்தம் பார்த்துக்கொள்ளும் காலத்தில், தினமும் கூப்பிடுகிறவர் அந்தப் பெரியவர் மட்டுமே.

“வணக்கம் மேடம். இன்னிக்கு ‘டெப்ரிகேட்’. அர்த்தம் சொல்லுங்க.”

அகராதியைப் புரட்டாமலே சொன்னாள். “ஒரு விஷயம் பிடிக்கலை, ஏத்துக்க முடியாதுன்னு கண்டிக்கிறது சார்.”

“அது தெரியும். எங்கேருந்து வந்தது?”

“லத்தீன்லேருந்து. கெடுதல் எதுவும் வந்துடக் கூடாதுன்னு கடவுள்கிட்ட மன்றாடுறதுதான் முதல் அர்த்தம். கண்டிக்கிறதெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.”

“ஒரு அப்பன், பொண்ணோட கல்யாணத்தை டெப்ரிகேட் பண்றேன்னு சொல்லியிருந்தா?”

“நாலு பேர் முன்னாடி இங்கிலீஷ்ல கத்தினா, அவளுக்கு அது கோபமாத்தானே கேக்கும் சார்?”

“பயத்துல கத்தியிருக்கலாம் இல்லையா? தாயில்லாம வளர்த்தவன். அவளும் போயிட்டா வீட்டுல யார் இருக்கா?”

“இருக்கலாம் சார்.”

“சரி மேடம். வெச்சிடறேன்.”

“இருங்க.”

முதல் நாளே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. தான் இங்கே இருப்பது தெரிந்துதான் கூப்பிடுகிறார் என்பதும் புரிந்திருந்தது. இருந்தும் இரண்டு பேரும் சார், மேடம் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

மறுமுனையிலிருந்து உடைந்த குரலில் பதில் வந்தது.

“இன்னும் இல்லம்மா. தனியா சாப்பிடப் பிடிக்கலை.”