இருநூற்று மூன்று

பந்தயத்தில் ஓட இருநூறு குதிரைத்திறன்தான் உச்ச வரம்பு. எஞ்சின் திறனை அளக்கும் டைனோ உருளைகளின் மேல் ஓடிய சிவப்பு வண்டிக்குத் திரை இருநூற்று மூன்று காட்டியது.

வண்டியைக் கட்டியிருந்த பட்டையை மெக்கானிக் பிடித்தான். "இன்னும் இறுக்கட்டுமாக்கா? டயர் திணறி மூணு குறைஞ்சிடும்."

"அளவு பொய்யாயிடும். கையை எடு," என்றார் அளவெடுக்கும் பொறியாளர்.

"அஞ்சு வருஷ உழைப்பு, அக்கா! போன வருஷம் ஜெயிச்சவன் வெளியே இளிச்சுக்கிட்டு நிக்கிறான்."

"இளிக்கட்டும். மெஷின் என்ன ஆள் பார்த்தா அளக்குது?"

சோதனைச் சீட்டில் 'தகுதியில்லை' என்று முத்திரை குத்தினார். பிறகு மேசைக்கடியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்தார்.

"சாவியைக் கொடு. என் வண்டியை அவன் கண்ணு முன்னாடி நானே ஓட்டிட்டுப் போறேன். அடுத்த வருஷம் நூத்தித் தொண்ணூத்தொம்பதுலயே அவனை முந்திக் காட்டுறேன்."