முதலில் இதைப் படிக்கவும்

"யெஸ் அடிக்காதீங்க. கையை எடுங்க."

இடது கட்டைவிரலால் அடித்து அனுப்பினாள். வலது கையில் புளிச்சோறு.

அவள் நடத்தும் போன் குழுவில் அதற்குள் பத்துப் பேர் கத்தியிருந்தார்கள். ஃபார்மேட் அடிங்க ப்ரோ. அதான் ஒரே வழி ப்ரோ. அடுத்தவன் போன் என்றால் யாருக்கும் கை கூசாது.

ஃபார்மேட் கொடுத்தால் போன் ஒரு கேள்வி கேட்கும். நிஜமாகவா? யெஸ் என்று நாமே எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். அடித்தால் உள்ளே இருந்தது எதுவும் திரும்பி வராது.

உதவி கேட்டவர் குழுவுக்குப் புதியவர். பழைய போன்களில் கம்பெனி சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டுப் போட்டுக்கொள்ள, அவளே எழுதி இலவசமாகக் கொடுப்பது ஒன்று இருக்கிறது. அதன் போன வருடப் பதிப்பின் மேல் இந்த வருடத்துப் பதிப்பை ஏற்றிவிட்டார். ஏற்றும் முன் ஒரு சின்ன ஃபைல் போட வேண்டும். போடவில்லை. போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வேறு போனிலிருந்து குழுவுக்கு வந்திருந்தார்.

குழுவின் உச்சியில் 'முதலில் இதைப் படிக்கவும்' என்று பின் பண்ணி வைத்திருக்கிறாள். ஒரு ஜென்மமும் படிப்பதில்லை.

அதற்குத்தான் அபராதம். படிக்காமல் வந்தவர் வெள்ளைத் தாளில் கைப்பட மன்னிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அப்புறம்தான் வைத்தியம்.

குழுவுக்கு அது கேலி. அவளுக்கு இல்லை.

"53 ப்ரோ, ஆறு மாச லேப் ரீடிங் மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு. திங்கக்கிழமை பிஎச்டி வைவா. என் சொந்த வேலைதான்னு காட்ட வேற ஆதாரமே இல்ல ப்ரோ."

குழுவில் அவள் பெயர் 53. பாவம் என்றுதான் நினைத்தாள்.

"லெட்டர் போடுங்க ப்ரோ. சரி பண்ணிடலாம்."

போட்டோ வந்தது.

குறிப்பைப் படிக்காமல் ஏற்றினேன். தவறு என்னுடையது.

கீழே கையெழுத்து. அதற்கடியில் ஒரு கோடு. கோட்டுக்கடியில் இரண்டு புள்ளி. பக்கத்தில் தேதி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

வே. குலசேகரன்.

யெஸ் அடிக்காதீங்க என்று தடுக்கும் முன்னால் இந்தப் பெயர் தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டு முடித்திருப்பாள்.

கல்லூரியில் கடைசி வருடம். ஒரே ப்ராஜெக்ட் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவன் கரஸ்பாண்டென்ட்டின் தம்பி மகன். இன்னொருத்தி ரோல் நம்பர் ஐம்பத்து மூன்று. குலசேகரன் சார் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்பத்திமூணு, எந்திரி.

அவளுடைய பென்டிரைவ் ஒரு வாரம் அவர் டிராயரில் கிடந்தது.

"உங்க வீட்ல கம்ப்யூட்டர் இருக்கா? பெறகு எப்படி நீ எழுதிருப்ப?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். அடுத்தவர் வேலையை என் வேலை என்று கொடுத்தேன்.

செங்கல் சூளையிலிருந்து சட்டை மாற்றிக்கொண்டு ஓடிவந்த அப்பா அதன் கீழே கைநாட்டு வைத்தார். இடது கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே பஸ் ஏறினார்.

"எதுக்குத்தா அந்தக் கைநாட்டு?"

"ஸ்காலர்ஷிப்புக்குப்பா."

ஒரு வருடம் போயிற்று. கேம்பஸில் கிடைத்த வேலை போயிற்று. இப்போது போன் சர்வீஸ் கடையின் பின்னறை. எதிரே டிபன் டப்பா.

"லெட்டர் ஓகேவா ப்ரோ?"

டப்பாவை மூடினாள். கை கழுவிவிட்டு வந்தாள்.

"ஒரு வரி குறையுது சார்."

அந்தக் குழுவில் எல்லோருமே ப்ரோ. சார் என்று யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை.

"அம்பத்திமூணோட பென்டிரைவ்ல இருந்து ப்ராஜெக்டை எடுத்து அந்தப் பையன்கிட்ட கொடுத்தது யாரு? அதையும் எழுதுங்க. அடியில கோடு, ரெண்டு புள்ளி. தேதி மறந்துறாதீங்க."

எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.

நின்றது.

மறுபடி காட்டியது.

"யாரும்மா நீ?"

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இருந்தது. அவர் வைத்த பெயர்தான்.

தனியாக ஒரு செய்தி வந்தது. "இன்பாக்ஸ்ல பேசிக்கலாமே அம்மாடி."

"லெட்டர் குழுவுலதான் போடணும் சார். ரூல்ஸ்."

இருபது நிமிடம் கழித்து இன்னொரு போட்டோ வந்தது.

எடுத்துக் கொடுத்தது நான். ப்ராஜெக்ட் அந்தப் பெண்ணுடையது.

இரண்டு புள்ளியில் ஒன்று கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

அவள் ஃபைலை அனுப்பினாள். எதை அழுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது, நான்கு வரியில். ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. வேலையில் அவள் பொய் சொல்வதில்லை.

போன் எழுந்துகொண்டது.

"ரீடிங் எல்லாம் அப்படியே இருக்கும்மா."

அடுத்த நிமிடம் அந்த இரண்டாவது போட்டோ குழுவிலிருந்து காணாமல் போனது. அழித்துவிட்டு, குழுவை விட்டும் போய்விட்டார்.

அழிப்பார் என்று தெரியும். வந்த உடனே சேமித்து வைத்திருந்தாள். ஆதாரத்தை அடுத்தவர் டிராயரில் விடக் கூடாது என்று கற்றுக்கொடுத்ததே அவர்தானே.

படத்தை மறுபடி போட்டாள். பின் பண்ண அழுத்தினாள். 'முதலில் இதைப் படிக்கவும்' இனி ஒரு படி கீழே போகும்.

சின்னப் பெட்டி ஒன்று வந்தது. குழுவில் உள்ள பதினோராயிரத்து இருநூறு பேருக்கும் அறிவிக்கவா?

டிக் முன்பே விழுந்திருந்தது.

அவள் இடது கட்டைவிரலைச் சுடிதாரில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.