பாலத்தின் மேல் நாற்பது நிமிடம்

“இந்தக் கார் நடுவழியில நிக்குமா, நிக்காதா? அதை மட்டும் சொல்லுங்க. இவர் பேச்சை நான் நம்புறதா இல்ல.”

‘இவர்’ என்று அவள் சுட்டியது தன் உடன்பிறந்த அண்ணனை. அவரோ பட்டறை வாயிலில், இருபத்தைந்து ஆண்டுப் பழைய தம் காரின் அருகே, கூண்டில் ஏற்றப்பட்டவரைப் போல நின்றுகொண்டிருந்தார்.

மெக்கானிக் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். “என்னம்மா விஷயம்?”

“மூணு மாசம் முன்னாடி அம்மா ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு விட்டுக்கிட்டிருந்தாங்க. இவர் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. போன் பண்ணினேன். பத்து நிமிஷத் தூரத்துக்கு இவர் வந்து சேர அம்பது நிமிஷம். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. கேட்டா, பாலத்து மேல கார் நின்னுடுச்சாம்!”

“நின்னுதும்மா...” என்றார் அண்ணன். “இப்பக் கிளம்பிடும், இப்பக் கிளம்பிடும்னு சாவியத் திருகிக்கிட்டே இருந்தேன். நாப்பது நிமிஷம் கழிச்சுத் தானா கிளம்பிச்சு.”

“அம்மா மேல இவருக்கு ரெண்டு வருஷக் கோபம். வர மனசில்ல, அவ்வளவுதான்.” அவள் மெக்கானிக்கைப் பார்த்தே பேசினாள். “நிக்கும்னு நீங்க சொன்னா நம்புறேன். இல்லேன்னா இன்னியோட இவர் யாரோ, நான் யாரோ.”

“வண்டிக்கு ரெண்டு வியாதிம்மா” என்றார் மெக்கானிக். “கிளம்பாம அடம் பிடிக்கிறது ஒண்ணு. கிளம்பி நடுவுல கைவிடுறது ஒண்ணு. முன்னது முரட்டு மாமன் மாதிரி, வாசல்லயே தெரிஞ்சுடும். பின்னது புது மாப்பிள்ளை மாதிரி, குடும்பம் நடத்தினாத்தான் தெரியும்.”

இருவரும் சிரிக்கவில்லை.

அவர் பேட்டரி முனைகளை அசைத்துப் பார்த்தார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். கார்பரேட்டரைத் திறந்து மூடினார். குறையொன்றும் தென்படவில்லை. பின்னர்த் தாமே காரை ஓட்டிச் சென்று, பாலத்தின் மேல் நான்கு முறை ஏறி இறங்கினார். கார் ஒரு முறைகூட இருமவில்லை.

திரும்பும் வழியில் அவர் மனைவி கைப்பேசியில் அழைத்தாள். “அஞ்சரைக்கு ஸ்கூல் மேடையில உங்க பொண்ணு பேசறா. போன வருஷம் மாதிரி சாக்குச் சொல்லாதீங்க.”

“முன் வரிசையில இருப்பேன். போதுமா?”

முப்பது ஆண்டுகளாக அவர் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு: இயந்திரம் பொய் சொல்லாது, அதற்குரியவர் சொல்வார். இந்த அண்ணனும் சொல்கிறார். ஐயமே இல்லை.

பட்டறையில் அண்ணன் எழுந்து நின்றார். தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிப் புறப்படத் தயாராக இருந்தாள். மெக்கானிக் ஒரு கணம் தயங்கினார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையே செய்யலாம் என்கிறார்கள். ஒரு பொய்யால் ஒரு குடும்பம் ஒட்டுமென்றால், அது பாவக் கணக்கில் சேருமா என்ன?

“நின்னுதும்மா” என்றார். “அதே பாலத்து மேல.”

பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் காயிலை, எந்தப் பழுதும் இல்லாததைக் கழற்றி அவளிடம் நீட்டினார். “இதான் குத்தவாளி. சூடானா மின்சாரம் கொடுக்காது. ஆறினாத்தான் வண்டி கிளம்பும். உங்கண்ணன் சொன்னது அத்தனையும் நெஜம்.”

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, அன்று முதன்முறையாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“காலையில சாப்பிட்டியாண்ணா?”

“நான்தான் சொன்னேனேம்மா... அன்னிக்கே சொன்னேனே...” அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

‘அடேயப்பா, என்ன நடிப்பு!’ என்று மெக்கானிக் மனத்துக்குள் வியந்தார். “புதுக் காயில் மாட்டி, சாயங்காலம் வீட்டுலயே கொண்டுவந்து விட்டுடறேன்” என்று இருவரையும் சேர்த்து அனுப்பி வைத்தார்.

மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார். பாலத்தைத் தாண்டினால் அண்ணன் வீடு. அடுத்த தெருவில் மகளின் பள்ளி. செய்த நன்மையை எண்ணி நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பாலத்தின் நடுவில் கார் இருமுறை இருமிற்று. பிறகு அடங்கிற்று.

இறங்கி, மூடியைத் திறந்து பார்த்தார். புதுக் காயிலில் தீப்பொறி நன்றாக வந்தது, பெட்ரோல்தான் வரவில்லை. டாங்கின் அடியில் கிடந்த ஏதோ ஒரு துருத் துணுக்கு, குழாயின் வாயை அடைத்திருக்க வேண்டும். அது தானாக விலகினால்தான் உண்டு. கையிலோ ஒரு ஸ்பேனர்கூட இல்லை. இப்போது கிளம்பிவிடும், இப்போது கிளம்பிவிடும் என்று சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஐந்தரைக்குக் கைப்பேசி ஒலித்தது.

“பொண்ணு பேரைக் கூப்பிட்டாச்சு. எங்க இருக்கீங்க?”

“பாலத்து மேல... கார் நின்னுடுச்சு...”

“மெக்கானிக் ஓட்டுற கார் நின்னுடுச்சா?” என்றாள் மனைவி. “ஒரு பொய்யைக்கூடப் பொருத்தமாச் சொல்லத் தெரியலையே உங்களுக்கு!”